வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்கலாமா?



சென்ற மே மாதம் 12ஆம் தேதி நர்சுகள் தினத்திற்காக நம் புதுவையில் உள்ள ஒரு நர்சிங் கல்லூரிக்குப் பேச அழைத்திருந்தார்கள். 1820ல் அந்தத் தேதியில்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்தார்கள். அழைப்புக் கடிதத்தில் தலைப்பும் போட்டிருந்தது: "ரெசிலியன்ஸ்". இதற்குத் தமிழில் என்ன என்று நம் வாலிபத் தம்பிகளைக் கேட்டேன். ஒருவர் "மீண்டெழும் திறன்" என்றார். இன்னொருவர் "தாங்குசக்தி, பாஸ்டர்" என்றார். நான் நம்முடைய பாஷையில் "நீடிய பொறுமை" என்று குறித்துக்கொண்டு போய்விட்டேன். என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நூறு, நூற்றிருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம், கடலூர், காரைக்கால், மாகே என்று பல ஊர்ப் பிள்ளைகள். எல்லாரும் வெள்ளை யூனிபார்ம். நைட் டூட்டி முடித்து நேரே வந்த சிலருக்குக் கண் சொருகுகிறது. டீச்சர் பார்த்தால் நிமிர்கிறார்கள், பார்க்காவிட்டால் தலை சாய்கிறது. நான் யோசேப்பு சிறையிலே பொறுமையாய் இருந்ததையும், பவுலும் சீலாவும் நடுராத்திரியிலே பாடினதையும் எடுத்துச் சொல்லி முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகக் கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். ஒல்லியான பெண். மைக் வாங்காமலே கேட்டாள்.

"பாஸ்டர், எங்களைத் தாங்கச் சொல்றீங்க, சரி. எங்க தலையில ஏத்துறதை யாராச்சும் கொறைக்கலாம்ல? அதைக் கொறைக்காம, தாங்குறதுக்கு மட்டும் கிளாஸ் எடுத்தா, அது யாருக்கு நல்லது?"

ஹால் அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு டீச்சர் "உக்காரும்மா" என்றார்கள். நான் மேடைப் பிரசங்கிக்குப் பழகின புன்னகையோடு, தாங்கக் கூடியதற்கு மேல் தேவன் நம்மேல் வரவிடமாட்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொன்னேன். அவள் "தேங்க்ஸ் பாஸ்டர்" என்று உட்கார்ந்தாள். திருப்தியாகிவிட்டாள் என்பதற்கு அவள் முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

கோரிமேட்டிலிருந்து வீட்டுக்கு வண்டியில் வரும்போது ஆவியானவர் என்னை விடவில்லை. நான் சொன்னது 1 கொரிந்தியர் 10:13. அந்த வசனம் பாவத்திற்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது, ஆஸ்பத்திரி டூட்டி சார்ட்டைப் பற்றியது அல்ல. அது போகட்டும். அதே வசனத்தின் பின்பாதியில், சோதனையோடே கூடத் தப்பிப்போக ஒரு வழியையும் தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறதே! முன்பாதியை மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வாசல் இருக்கிற பின்பாதியை நான் பையிலே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரியமானவர்களே, அரை வசனம் சில நேரங்களில் முழுப் பொய்யைவிட அதிகமாகக் காயப்படுத்தும்.

உங்களுக்கு முன்பாக ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னே நம் சபைப் பிள்ளை ஒருத்தி, நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், புதன்கிழமை ஜெபம் முடிந்து என்னிடம் வந்து அழுதாள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். தொடர்ச்சியாய் ராத்திரி டூட்டி, சரியான சாப்பாடு இல்லை, வார்டில் எல்லார் முன்னாலும் திட்டு, நோயாளியின் சொந்தக்காரன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "படிப்பை விட்டுடலாமான்னு இருக்கு பாஸ்டர்" என்றாள். நான் என்ன செய்தேன்? தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். "முறுமுறுக்காதே மகளே, முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்தில் விழுந்துபோனார்கள், மூணு நாள் உபவாசம் எடு" என்றேன். ஏற்கெனவே பட்டினியாய் இருந்தவளுக்கு உபவாசம்! இரண்டு மாதத்தில் டூட்டியிலேயே மயங்கி விழுந்து வீடு வந்து சேர்ந்தாள். சபைக்கு வருவதும் நின்றுபோயிற்று. ஒருநாள் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மரியாதையாய் நின்றாள். "நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல பாஸ்டர். ஆனா நான் உங்களைக் கேட்டது அது இல்ல" என்றாள். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாம் வருஷப் பிள்ளை கேட்டதும் அதே கேள்விதான். இந்த முறை ஓடி ஒளியக்கூடாது என்று தீர்மானித்து, பல வாரம் ஜெபத்திலும் வாசிப்பிலும் உட்கார்ந்தேன். அதில் எனக்குக் கிடைத்ததை உங்களோடே பகிர்ந்துகொள்கிறேன். பாடம் நடத்தும் தகுதியில் அல்ல, திருத்தப்பட்டவனாகச் சொல்கிறேன்.

முதலாவது, இந்தத் தாங்குசக்தி என்பது என்ன? நாம் நினைக்கிறபடி அது இரும்பு மாதிரி ஒரு குணமா, சிலருக்குப் பிறவியிலே இருந்து சிலருக்கு இல்லாமல் போவதா? ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு அம்மாமார் அவர்களுக்கு நாற்பது வயதாகும்வரை பின்தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கஷ்டமான வீட்டில் பிறந்தவர்கள். தரித்திரம், குடி, சண்டை, மனநோய். அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாய் வளர்ந்து, அன்பும் பொறுப்பும் உள்ளவர்களாய் நின்றார்கள். எப்படி? அவர்கள் பக்கத்தில் மாறாமல் நின்ற ஒரு ஆளாவது இருந்தது. பெற்றோர் சரியில்லாத இடத்தில் ஒரு பாட்டி, ஒரு அத்தை, ஒரு வாத்தியார். விசுவாசமும் சபை ஐக்கியமும் பலருக்குக் கைகொடுத்தது என்றும் அந்த அம்மா எழுதியிருக்கிறார்கள்.

இதை நான் சொன்னபோது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் (நம் ஊரில் சொல்தா குடும்பங்களுக்குக் குறைவா?) இன்னொன்று சொன்னார். இந்த வார்த்தையைப் பிரான்சு தேசமெங்கும் பரப்பின மனநல வைத்தியர் பொரிஸ் சிருல்னிக். அவர் யூதப் பிள்ளை. 1944 ஜனவரியில், ஆறு வயதில், போர்தோ நகரத்தில் பிடிக்கப்பட்டு ஜெப ஆலயத்திலே மற்ற யூதர்களோடு அடைக்கப்பட்டார். கழிப்பறைக்குள் மேலே ஏறி ஒளிந்துகொண்டார். வெளியே வந்தபோது ஒரு நர்ஸ் அம்மா ஜாடை காட்டி, ஆம்புலன்சில் சாகக் கிடந்த ஒரு பெண்ணின் அடியிலே அவரை மறைத்துத் தப்புவித்தார்கள். அவரைப் பெற்றவர்கள் ஆஷ்விட்சில் மாண்டார்கள். கவனியுங்கள். மீண்டெழுவதைப் பற்றிப் பிரான்சுக்கே எடுத்துச் சொன்ன மனுஷன் உயிரோடு இருந்ததற்குக் காரணம் ஒரு நர்ஸ். அந்தப் பையன் "தாங்கிக்கொண்டதால்" மட்டும் பிழைக்கவில்லை. ஒருத்தி துணிந்ததால் பிழைத்தான்.

ஆகையால் இந்தச் சக்தி ஒரு ஆளுக்குள்ளே மட்டும் இருக்கிற சரக்கு அல்ல. இரண்டு பேருக்கு நடுவிலே இருக்கிற ஒன்று. அப்படியானால், அந்தப் பிள்ளையைத் தனியே நிறுத்தி "நீ தாங்கு" என்று சொல்லிக்கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இங்கே எனக்கு யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் திறந்தது. பார்வோன் இஸ்ரவேலருக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை அதேதான் என்றான். முடியவில்லை என்று வந்தவர்களைச் சோம்பேறிகள் என்றான். மெய்யாகவே பாரம் கூடினபோது, அதைச் சுமக்கிறவனின் குணத்தில் குறை கண்டுபிடித்தான். பழைய காலத்துத் தந்திரம் அல்ல இது, இன்றைக்கும் நடப்பது. தேவன் அந்த ஜனத்தைப் பார்த்து, "மூச்சை நன்றாக இழுத்துவிட்டு மனதை ஒருநிலைப்படுத்துங்கள்" என்று சொன்னாரா? பார்வோனிடத்திற்கு மோசேயை அல்லவா அனுப்பினார்!

நம் காலத்து வைக்கோல் கணக்கைப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு அளவு வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு 1 நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் 1க்கு 1. உங்களில் யாராவது எந்த ஆஸ்பத்திரியிலாவது ஒரு ராத்திரி துணைக்குப் படுத்திருந்தால், நீங்களே கட்டில்களை எண்ணி, நர்சுகளையும் எண்ணியிருப்பீர்கள். சம்பளமும் அப்படியே. 2016 ஜனவரி 29ல் உச்சநீதிமன்றம் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் நிலைமையைப் பார்க்க ஒரு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்கும் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கையில் எவ்வளவு வருகிறது என்று நம் சபையிலுள்ள நர்ஸ் சகோதரிகளையே தனியாய்க் கேளுங்கள். படிப்புக்கு வாங்கின கடன் எவ்வளவு என்றும் கேளுங்கள். 2014ல் ஈராக்கில் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் சிக்கிக்கொண்ட 46 இந்திய நர்சுகளை நினைவிருக்கிறதா? குண்டு விழும்போதும் சிலர் திரும்பிவரத் தயங்கினார்கள். ஊரில் கடன்காரர் காத்திருப்பதே காரணம். அதை நாம் "மனத்தைரியம்" என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், "அப்போ தாங்கக் கற்றுக்கொடுப்பதே ஏமாற்று வேலையா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் சில நாள் அந்தப் பக்கமாய்ச் சாய்ந்தேன். பிறகு நம் சபையில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாப் நர்சாக வேலை பார்க்கிற ஒரு அக்கா என்னைத் திருத்தினார்கள்.

"பாஸ்டர், ஆள் போட்டாச்சு, சம்பளம் குடுத்தாச்சு, எல்லாம் சரியாயிடுச்சுன்னே வைங்க. பேஷண்ட் சாகாம இருப்பாங்களா?" என்றார்கள்.

பத்தொன்பது வயதுப் பிள்ளை முதல் முதலாய்ச் சாவைப் பார்க்கிற நாளை அவர்கள் எனக்கு விவரித்தார்கள். காலையில் தலை வாரிவிட்ட பாட்டி மத்தியானம் இல்லை. அந்த உடம்பைத் துடைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு" என்று கூப்பிடுவார்கள். கை நடுங்கும், ஆனால் ஊசி நடுங்கக்கூடாது. இதை எந்தச் சர்க்கார் உத்தரவாலும் இல்லாமல் செய்ய முடியாது. 2018 மே மாதம் கோழிக்கோடு பக்கம் பேராம்பிராவில் நிபா காய்ச்சல் கண்டவர்களைக் கவனித்த லினி என்ற நர்ஸ் சகோதரி, அதே நோய் தனக்கும் தொற்றி, தனி வார்டில் இருந்துகொண்டு, தான் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்து, இரண்டு சின்னப் பையன்களைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு ஒரு சின்னத் தாளில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த மனத்திடத்தை எந்தத் தொழிற்சங்கமும் கொடுத்திருக்க முடியாது. கொரோனா காலத்தில் நம்முடைய பெரியாஸ்பத்திரியிலும் ஜிப்மரிலும் பிளாஸ்டிக் உடைக்குள் வேர்த்து நனைந்துபோன பிள்ளைகளை நாம் மறக்கலாமா?

ஆகவே இரண்டும் உண்மை. கலாத்தியர் 6ஆம் அதிகாரம் என்னை இங்கே நிறுத்தினது. இரண்டாம் வசனத்தில் பவுல் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்லுகிறார். மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறார். நம் தமிழ் வேதத்தில் இரண்டு இடத்திலும் "பாரம்" என்றே இருக்கிறதால், அப்போஸ்தலர் முன்னுக்குப் பின் முரணாய்ச் சொல்லுகிறாரோ என்று தோன்றும். வேதாகமக் கல்லூரியில் எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அப்போது மண்டையில் ஏறவில்லை, இப்போது ஏறுகிறது. கிரேக்கில் இரண்டும் வேறே வார்த்தை. முதலாவது "பாரோஸ்", ஆளை நசுக்கும் பளு. இரண்டாவது "போர்த்தியோன்", அவனவன் முதுகுக்கென்று கட்டின மூட்டை. தம்முடைய சுமை இலகுவானது என்று மத்தேயு 11ல் ஆண்டவர் சொல்லும் இடத்திலும் இந்தப் போர்த்தியோன்தான்.

இந்த வித்தியாசத்தைப் பகுத்தறிவதே நான் அந்தக் கல்லூரியில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. நோயாளியின் மலத்தை முகம் சுளிக்காமல் எடுப்பது நர்சின் மூட்டை. ராத்திரி விழிப்பது, ஒரு மரணத்திற்குப் பின் அடுத்த கட்டிலுக்கு நடப்பது, தன் தவறைத் தானே ஒத்துக்கொள்வது, எல்லாம் அவளுடைய மூட்டை. அதைச் சுமக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காவிட்டால் நாம் அவளுக்குத் துரோகம் செய்கிறோம். ஆனால் நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தி பார்ப்பதும், சொந்தக்காரன் கையைப் பிடித்து இழுப்பதும், பேசினால் மார்க்கில் கைவைப்பதும் அவளுடைய மூட்டை அல்ல. அது பாரோஸ். அதை அவள் தனியாய்ப் பொறுத்துக்கொண்டால் அது நீடிய பொறுமை ஆகாது. அதைப் பொறுக்கச் சொல்லி நாம் போதித்தால், பார்வோனுக்குச் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்கிறோம்.

"சரி பாஸ்டர், ஒரே ஆள் தாங்கவும் செய்யணும், எதிர்க்கவும் செய்யணும்னா எப்படி?" என்று கேட்பீர்கள். அதற்கு நம் தேசத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அருணா ஷான்பாக் என்ற சகோதரியை 1973 நவம்பர் 27ல் அதே ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை நெரித்துக் கொடுமை செய்தான். அன்றிலிருந்து 2015 மே 18ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 வருஷம், சுயநினைவு சரியாக இல்லாமல் அங்கேயே கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் நர்சுகள். ஒருத்தி ரிட்டயர் ஆனால் அடுத்தவள். அருணா வேலை செய்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள்கூட அவர்களுக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள். அத்தனை வருஷம் படுக்கையில் கிடந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். 2011ல் உச்சநீதிமன்றமே அவர்களைப் பாராட்டியது.

இதை நாம் பிரசங்கத்தில் சொல்லுவோம், ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். ஆனால் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவம் நடந்தவுடனே மும்பை நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல கவனிப்பு வேண்டும், எங்களுக்குப் பாதுகாப்பான வேலையிடம் வேண்டும் என்றார்கள். பிறகு 1980களில் மாநகராட்சி அருணாவை அங்கிருந்து அப்புறப்படுத்தப் பார்த்தபோதும் நர்சுகள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். பாருங்கள், ஊட்டினதும் அந்தக் கைதான், கொடி பிடித்ததும் அந்தக் கைதான். அன்றைக்கு யாராவது ஒரு நல்ல போதகர் போய், "முறுமுறுக்காதீர்கள் பிள்ளைகளே" என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தால்? அப்படியும் 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த ஒரு இளம் டாக்டர் பிள்ளை கொல்லப்பட்டாள். 50 வருஷம் கழித்தும் அதே பயம்.

நம் வேதத்தில் பெயரோடு எழுதப்பட்டிருக்கிற மருத்துவச்சிகள் யார்? சிப்பிராள், பூவாள். பார்வோனுக்குக் கீழ்ப்படியாததற்காகவே பெயர் எழுதப்பட்டவர்கள். அந்தப் பார்வோனின் பெயர்கூட அங்கே எழுதப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? 2021ல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது ஒரு பாடமாக இருக்கிறது. கடைசி வருஷத்தில், விருப்பப்பாடங்களின் வரிசையில். நல்ல காரியம், ஸ்தோத்திரம். ஆனால் முதல் மரணம் முதல் வருஷத்திலேயே வந்துவிடுகிறது, அது விருப்பப்பாடமாகவும் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த மட்டும் இந்தப் பாடத்தை முதன்முதல் நடத்தினது ஒரு தேவதூதன், 1 இராஜாக்கள் 19ல். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் என்று சாகக் கேட்டான். நம் மத்தியில் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? அவிசுவாசம் என்போம், அல்லது பிசாசின் போராட்டம் என்று சத்தமாய்க் கடிந்துகொள்ளுவோம். தூதன் ஒன்றையும் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான். மறுபடியும் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் தூரம் என்று காரணமும் சொன்னான். அதன்பின் ஓரேபில் தேவன் அவனைப் பேசவிட்டார். ஒரே புலம்பலை அவன் இரண்டு தடவை சொல்லுகிறான், ஒரு வார்த்தையும் மாற்றாமல். தேவன் இரண்டு தடவையும் கேட்டார். கடைசியில் எலிசாவைத் துணையாய்க் கொடுத்தார். பாடம் இதுதான்: சாப்பாடு, தூக்கம், கேட்கிற காது, கூட நடக்க ஒரு ஆள். இவைகளைக் கொடுக்காமல் தைரியத்தைப் பற்றிப் பேசுவது வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்பதே.

நம் அக்கா தன் வார்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்களாம். மாணவி ஒருத்தி முதல் சாவைப் பார்த்தால், வேலை முடிந்ததும் அவளைப் பத்து நிமிஷம் உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, "என்ன பாத்த, என்ன செஞ்ச, எது கஷ்டமா இருந்துச்சு" என்று மூன்று கேள்வி கேட்பார்களாம். அழுதால் அழவிடுவார்களாம். இன்னொன்றும் பழக்குகிறார்கள். மேலே இருப்பவரிடம் பயமில்லாமல் பேச நாலு வாக்கியம்: இப்போது நிலைமை என்ன, இதற்கு முன் என்ன நடந்தது, நான் நினைப்பது என்ன, எனக்கு வேண்டியது என்ன. நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்ல இந்த முறையை ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். "அதையே தன்னைப் பத்திச் சொல்லவும் பழக்கிட்டேன் பாஸ்டர்" என்றார்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013ல் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று பிள்ளைக்குத் தெரியவைப்பதும் தாங்குசக்தியைக் கற்றுக்கொடுப்பதில் அடக்கம்.

ஒரு பாடம் நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்கு இப்போது ஒரு அளவுகோல் உண்டு. அந்த வகுப்பை முடித்து வெளியே வருகிற பிள்ளைக்கு "என்னால முடியல" என்று சொல்ல முன்னைவிடச் சுலபமாய் இருக்கிறதா, கஷ்டமாய் இருக்கிறதா? கஷ்டமாய் இருந்தால் அந்த வகுப்பு ஆகாதது, வேத வசனத்தோடு நடத்தினாலும் ஆகாதது.

டீச்சர்களையும் வார்டு இன்சார்ஜ் அம்மாக்களையும் நான் பார்வோன் என்று சொல்லவில்லை. யாத்திராகமம் 5:14ஐ வாசியுங்கள். செங்கல் கணக்குக் குறைந்தபோது அடிபட்டவர்கள் யார்? இஸ்ரவேலரிலிருந்தே ஜனத்தின்மேல் வைக்கப்பட்ட தலைவர்கள். மேலேயும் அடி, கீழேயும் சாபம். பிள்ளைகளைத் திட்டுகிற இன்சார்ஜ் அம்மாவுக்கும் யாராவது டீ வாங்கிக்கொடுத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்களா? அந்த அம்மாவும் ஏதோ ஒரு சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்முடைய சபைக்கு வருகிறேன். மன பாரத்தால் தூக்கமற்றுப்போன பிள்ளைக்கு ஜெபிக்க வேண்டும், ஜெபிப்போம். சுகமளிக்கிற தேவனை நான் அறிவேன், அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. அதோடே வைத்தியரிடமும் அனுப்ப வேண்டும். காலொடிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதனால் விசுவாசம் குறைந்துவிடுகிறதா? 2022 அக்டோபர் 10 முதல் சர்க்கார் டெலி மானஸ் என்று ஒரு இலவச போன் சேவை நடத்துகிறது. எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை நாடகம் என்று தள்ளாதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள். எலியாவும் அதைத்தான் சொன்னான்.

ஆகஸ்ட் மாதம் அந்தக் கல்லூரிக்கு நானே போன் செய்து அரை மணி நேரம் கேட்டேன். முதல்வர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு வரச்சொன்னார்கள். கேள்வி கேட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல், பொதுவாகவே சொன்னேன்: "போன தடவை ஒரு கேள்விக்கு அரை வசனம் சொல்லிட்டுப் போயிட்டேன். மீதிப் பாதியைச் சொல்ல வந்திருக்கேன்." இந்தக் கட்டுரையில் உள்ளதைச் சுருக்கமாய்ச் சொன்னேன். இந்த முறை கைதட்டல் அவ்வளவு இல்லை. ஆனால் யாரும் தூங்கவில்லை.

நம் சபையை விட்டுப்போன அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. அவளுடைய அம்மா மட்டும் வருகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதத்தை அவர்கள் கையிலே கொடுத்தனுப்பியிருக்கிறேன். படித்தாளா என்று நான் கேட்கவில்லை.

போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டே ஸ்கூல் அறையில் நாலு பாயும் ஒரு மின்விசிறியும் போட்டு வைத்திருக்கிறோம். சகோதரிகள் முறைவைத்து இட்லி கொண்டுவருகிறார்கள். நைட் டூட்டி முடித்து வருகிற ஹாஸ்டல் பிள்ளைகள் சாப்பிட்டு, படுக்க வேண்டுமானால் படுக்கலாம், ஆராதனைக்கு வரவேண்டும் என்று யாரும் கூப்பிடமாட்டோம். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் மூன்று பேர் வந்தார்கள், ஒருத்தி அந்த ஒல்லிப் பிள்ளை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, யூனிபார்மோடே படுத்துத் தூங்கிவிட்டார்கள். நான் பிரசங்கத்துக்கு எழுந்ததும், சவுண்டு பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்து ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன்.